கடித்த காதுக்குக் கடுக்கன்

என் பெயர் கடற்கரை, பிழைப்பு அருவிக்கரை. சித்தம் கலங்கியவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டி வருவார்கள். தலையில் அருவி விழும்படி அவர்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள் நான். அடி வாங்கக் கூலி வாங்கியவன் தென்காசித் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யுத்தம் தொடங்கிய வருஷத்துச் சாரலில், கீழப்பாவூரிலிருந்து சுந்தரபாண்டியை வில்வண்டியில் கொண்டுவந்தார்கள். காலில் சங்கிலி. ஒரு மாதம் ஊரையே விலைபேசுவாராம்; அடுத்த மாதம் சுவரைப் பார்த்துக் கிடப்பாராம். இரண்டும் ஒன்றாகக் கலக்கும்போது கை நீளும். முதல் நாளே, கூட வந்த தன் அண்ணன் செல்லச்சாமியின் மண்டையைப் பாறையில் மோதினார். விலக்கப் போன என் இடது காதின் கீழ்நுனியைக் கடித்துத் துப்பினார். அருவி அதை அடித்துக்கொண்டு போனது. என் உடம்பில் தனியாகத் தீர்த்தமாடப் போன உறுப்பு அது ஒன்றுதான்.

அதன்பின் தினமும் குத்து, உதை. அவர் மனைவி ஆவுடைத்தாய் என் முகத்தைப் பார்த்துத்தான் புருஷனின் குணத்தை அளப்பாள். வீக்கம் குறைந்தால் அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

ஆடியில் ஒரு காலை அவர் அடிக்கவில்லை. பசுமாதிரி குளித்தார். காது வலிக்கிறதா என்று என்னைக் கேட்டார். கடுக்கன் இரண்டையும் கழற்றி என் கையில் வைத்தார். காளைகளை இனி யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனைவியிடம் நிதானமாகச் சொன்னார். அவள் பூரித்துப்போய் ஊருக்குக் கிளம்பத் துணிமணிகளை மூட்டை கட்டினாள். தனியாகக் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று அவர் சொன்னதும், செல்லச்சாமி சங்கிலிச் சாவியை எடுத்தார்.

நானும் இளித்துக்கொண்டு கடுக்கனை மாட்டிப் பார்த்தேன். இடது காதில் மாட்ட இடமில்லை. அப்போதுதான் உறைத்தது. போன வாரம் இதே கடுக்கனில் என் விரல் பட்டதற்குப் பல்லைப் பெயர்த்தவர் இவர். பெற்ற அய்யா போட்டுவிட்ட கடுக்கனே வேண்டாம் என்கிறவர் ஊருக்கா போகப் போகிறார்?

"அண்ணாச்சி, செத்துப்போகணும்னு நெனைக்கியளா?" என்று நேரே கேட்டேன்.

செல்லச்சாமி செவிட்டில் அறைந்தார். நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு என்று ஆவுடைத்தாய் என் நாக்கைச் சபித்தாள். சுந்தரபாண்டி மட்டும் கோபப்படாமல் தரையைப் பார்த்தார். ஓர் உதை விட்டிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

சாவியைப் பிடுங்கி அருவியில் எறிந்தேன். செல்லச்சாமி வண்டிக்காரனின் சாட்டைக்கம்பை எடுத்தார். முதல் அடி முட்டியில். அடுத்தது உதட்டில். அதற்கப்புறம் எனக்குத் தமாஷ் ஓடவில்லை. விழுந்தவனை விலாவில் மிதித்தார். சங்கிலி பாறையில் உரசும் சத்தம் கேட்டது. சுந்தரபாண்டி அண்ணனின் கழுத்தைப் பிடித்துப் பாறையோடு சாத்தியிருந்தார்.

"அவன விடு. அவன் சொல்லுதது நெசம். இன்னையோட முடிச்சிரலாம்னுதான் இருந்தேன்."

அண்ணன் கழுத்திலிருந்து கையை எடுத்தார். ஆவுடைத்தாய் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டச் சொல்லப்படாதா?" என்றாள். பிறகு மூட்டையை அவிழ்த்தாள்.

அன்று முதல் அவரைத் தனியே விடவில்லை. அவளும் அண்ணனும் நானும் முறைவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். தினமும் அதே கேள்வியைக் கேட்பேன். தலையைக் குனிவார். சில நாள் வாய்விட்டு அழுவார்.

சாரல் ஓய்கிற சமயம், ஒரு காலையில் கேட்டு வாய் மூடுமுன் தாடையில் ஒரு குத்து விழுந்தது. மல்லாந்து கிடந்தேன். மேலே அவர் நின்றார்.

"எங்கய்யா போட்ட கடுக்கம்லே அது. குடு."

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கூடவே ஒரு பல்லையும் துப்பினேன். ஆவுடைத்தாய் என் வீக்கத்தைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள்.