துரை கட்டில்

அத்தையைத் துரை பங்களாவில், துரை கட்டிலிலேயே படுக்க வைக்கிறேன் என்று கல்யாண வீட்டில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சவடால் அடித்தது நான்தான். அப்பாவின் அக்கா அவர். கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, கரும்பு வெட்டி வளர்ந்தவர். வெள்ளைக்காரத் துரை காலத்தில் பங்களா வாசலில்கூட அவரை நிற்க விட்டதில்லை. பங்களா இப்போது ஓட்டல். சரித்திரத்தைப் பழிவாங்க ஒருவன் வேண்டுமே, அதற்கென்றே நான் பிறந்திருப்பதாக எனக்கு நினைப்பு.

வழியெல்லாம் இரண்டு பக்கமும் கரும்பு. காரில் நான் அடிமைத்தனம், சுரண்டல் என்று வெளுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். கரும்பு வெட்டிய அத்தை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வந்தார்.

ஓட்டல் பணியாளர் பங்களாவைத் தாண்டி எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே வரிசையாக ஓட்டு வீடுகள்.

"நீங்க புக் பண்ணது இதுதான் சார். தொழிலாளிங்க இருந்த ரூம். இப்ப இதுக்குத்தான் கிராக்கி."

இருப்பதிலேயே வாடகை அதிகமானது துரையின் அறையாகத்தான் இருக்கும் என்று, படத்தைக்கூடப் பார்க்காமல் புக் செய்த புத்திசாலி நான்.

அத்தை பழக்கத்தில் குனிந்து உள்ளே போனார். பின்னால் போன எனக்கு நிலை நெற்றியில் இடித்தது. கண்ணில் பொறி பறந்தது. எங்கிருந்து தப்பித்தாரோ அங்கேயே கொண்டுவந்து தள்ளிவிட்டேன். அவமானமாக இருந்தது. பெட்டி படுக்கையைப் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வரவேற்பறைக்கு ஓடினேன். கெஞ்சிக் கூத்தாடி, துரை அறைச் சாவியோடு திரும்பினேன்.

"அத்தை, கிளம்புங்க! துரை ரூம் கிடைச்சிருச்சு!"

அத்தை கதவருகே நின்று, தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"அப்பல்லாம் உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாதுடா. விடியறதுக்கு முன்னால கங்காணி கதவை எட்டி உதைப்பான். காய்ச்சல்ல கிடந்த எங்கம்மாவ முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். ஒரே ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்கன்னு எங்கப்பா கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனாரு."

நீட்டிய சாவியைக் கீழே இறக்கினேன்.

"துரை கட்டில்ல நீ போய்ப் படு" என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கதவைத் தட்டினேன்.

"அத்தை, என் பை உள்ள இருக்கு."

"காலையில வா."

"எத்தனை மணிக்கு அத்தை?"

"நான் எந்திரிக்கிறப்ப."