கூரையில்லாத எட்டாம் வகுப்பு

ரெட்டைச்சடை என்று எல்லோரும் கூப்பிட்ட பெண் ஏழாம் வகுப்பு பெஞ்சிலிருந்து ஒரு சாண் உயரம் எழும்பியது அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். கணக்கு வாத்தியார் அதை ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொண்டு, “உக்காரும்மா, பின்னாடி இருக்கிறவங்களுக்கு போர்டு மறைக்குது” என்றார். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். பெஞ்சுதான் கீழே இருந்தது. மழைக்காலத்தில் அவளுடைய தம்பி காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவன் பேரை எடுக்கவில்லை, எடுத்தால் அம்மா தாங்கமாட்டாள் என்று. பள்ளி தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தது: பையில் புத்தகத்தைக் கூட்டியது. அட்லஸ், அகராதி, யாரும் பிரிக்காத பொன்விழா மலர் எல்லாம் முதுகில் ஏறின. அவள் பையோடு சேர்ந்து எழும்பினாள். ஆண்டு முடிவில் மின்விசிறி உயரத்தில் இருந்தாள். விசிறியை நிறுத்தி வைத்தார்கள். வகுப்பே வியர்த்தது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

சிக்கல் அவள் தேர்ச்சி பெற்றதில் வந்தது. எட்டாம் வகுப்புக்குக் கூரை கிடையாது. ஒரு புயலில் அது போய் நெடுங்காலமாகிறது. அதற்கான கோப்பு பரிசீலனையில் சுகமாக இருந்தது. தன் நாற்காலி ஆடுவதைக்கூட யாரிடமும் சொல்லாத தலைமையாசிரியை, கல்வித்துறை இயக்குநர் முன்னால் போய் நின்று இரண்டு கேட்டார்: கூரை, பிள்ளைகள் சொல்வதைக் கேட்க ஒரு மனநல ஆலோசகர்.

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. அரசாங்கம் என்ன அட்சய பாத்திரமா?”

“ஆள் குடுங்க சார்.”

“கூரையில்லாம பொண்ணு மேல போயிட்டா?”

“கூரை இருந்தா தலை இடிக்கும், அவ்வளவுதான். இறங்க மாட்டா.”

ஆலோசகர் வரும்வரை தலைமையாசிரியை தன் மேசையை எட்டாம் வகுப்புக்கே மாற்றிக்கொண்டார். கிணற்றுக் கயிற்றின் ஒரு முனை பெண்ணின் இடுப்பில், மறுமுனை அவர் இடது கையில். வலது கையால் கையெழுத்துப் போட்டார். அரசாங்கம் என்றால் அந்த நாட்களில் எங்கள் ஊருக்கு அந்த இடது கைதான். ஒருவழியாக ஆலோசகர் குடையும் சாப்பாட்டுப் பையுமாக வந்து, ஏணியைச் சாத்தி, உச்சிப் படியில் உட்கார்ந்து, “உன் தம்பி எப்படிம்மா?” என்று கேட்டார். மறுநாளும் ஏறினார். அதற்கும் மறுநாள் பதில் வந்தது.

“பல்லே விளக்க மாட்டான். பிரஷ்ஷ நனைச்சு வச்சுட்டு, விளக்கிட்டேன்னு சொல்லுவான்.”

கயிறு ஒரு முழம் தொய்ந்தது. அடுத்த வாரம் ஆலோசகர் அம்மாவை வரவழைத்தார். அவள் ஏணியின் அடியில் நின்று, “எனக்கும் தெரியும்டி. அந்த பிரஷ் இன்னும் அங்கயேதான் இருக்கு” என்றாள். பிறகு இருவரும் அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். சாயங்காலம் அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவோடு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

ஆலோசனை அறையைத் திறந்துவைக்க இயக்குநர் வந்தார். இடவசதி கருதி கூட்டத்தைக் கூரையில்லாத வகுப்பிலேயே வைத்திருந்தார்கள். “எனது அயராத முயற்சியால்” என்ற இடத்தில் அவருடைய ஷூ தரையை விட்டது. அவர் பேச்சை நிறுத்தவில்லை; மைக் வயர் நீளம் போதாமல் அதுவாக நின்றது. கழுத்து மாலையோடு சுவர் உயரத்தைத் தாண்டும்போது ரெட்டைச்சடை ஓடிவந்து கயிற்றை வீசினாள். “பிடிச்சுக்கங்க சார். பழகிடும்.”

ஆலோசகர் ஏணியைச் சாத்தினார். அவர் அங்கே என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. மனுஷனுக்கு ஆயிரம் இருக்கும். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டார். கூரைக்கான கோப்பு மறுநாளே எழுந்து நடந்தது. மற்ற பள்ளிகளுக்கும் ஆலோசகர்கள் போனார்கள். அரசாங்கத்தைத் திட்டியே வளர்ந்த எங்களுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. பழக்கமில்லாததால் கொஞ்சம் திக்கித்தான் சொன்னோம்.

இப்போது கூரை இருக்கிறது, விசிறி சுற்றுகிறது, ஏணியும் அங்கேயே நிற்கிறது. வியாழக்கிழமைகளில் ஆலோசகரைப் பார்க்க இயக்குநர் வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். சில வாரம் அவர் ஷூவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும். பிள்ளைகள் குனிந்து பார்த்துவிட்டு ஒதுங்குவார்கள்.

“நீங்க முன்னாடி போங்க சார். நாங்க இன்னும் தரையிலதான் இருக்கோம்.”