வீட்டுமொழி: தமிழ்

இருமொழிப் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விப் பயிற்சியின் மூன்றாம் நாள். மணிவேல் சார் திரையில் ஒரு படிவத்தைக் காட்டினார். ஊர், பள்ளி, ஆசிரியர், பிள்ளை பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன.

"ரெண்டாம் வகுப்புப் பொண்ணு. பன்னெண்டு கேள்விக்கும் பதில் சொல்லல. அறிவு வளர்ச்சி கம்மின்னு எழுதிட்டாங்க. வீட்ல அது பேசறது உருது. இந்த டீச்சர எதால அடிக்கலாம்?"

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேருமுன் பஸ் பிடிக்கும் கவலையில் இருந்த நாற்பது ஆசிரியர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

"தூங்கிக்கினே எழுதியிருப்பாங்க சார்."

வினோதினியின் பக்கத்தில் இருந்தவள் ஜாஹிரா, உருதுப் பள்ளி ஆசிரியை. "கழுதை மேய்க்க அனுப்புங்க சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வினோதினியும் சிரித்தாள்.

பிறகுதான் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஓடிய கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் விழும் கோடு அது. போன ஜூலையில் ஒரே படிவத்தில் ஊர், பள்ளி, வீட்டுமொழி தமிழ் என்று நிரப்பி, வகுப்பு முழுதுக்கும் முப்பத்துநான்கு பிரதி எடுத்திருந்தாள். நேரம் மிச்சமானது. கேள்விகளையும் தமிழிலேயே கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் வகுப்புப் பிள்ளை ஜோயா எழுந்து நின்று கைகட்டிக்கொண்டாள். ஒழுக்கமான பிள்ளை.

மணிவேல் சார் யாரையும் பார்க்காமல் புரொஜெக்டர் வயரைச் சுருட்டினார். "அந்த டீச்சரே மறுபடி சோதிச்சு எழுதித் தரணும். இல்லன்னா திங்கக்கெழம பொண்ண ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க."

டீ வந்தது.

"ஞாயித்துக்கெழம எங்க ஸ்கூல் இருக்கற கீழ்பென்னாத்தூர் வரீங்களா டீச்சர்?" என்று வினோதினி ஜாஹிராவைக் கேட்டாள். "ஒரு பொண்ணுகிட்ட உருதுல பன்னெண்டு கேள்வி கேக்கணும்."

"எந்தப் பொண்ணு?"

வினோதினி வெறும் திரையைக் காட்டினாள்.

ஜாஹிரா டீயைக் கீழே வைத்தாள். "கழுதைன்னு சொல்லிட்டேனே."

"கழுதை மேய்க்கன்னுதான் சொன்னீங்க."

"வரேன். அந்தப் பொண்ணு வீட்ல சொல்லி வைங்க."

வினோதினி எழுந்து போய் மணிவேல் சாரிடம் புதுப் படிவம் கேட்டாள். மற்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்துத் தயாராக வைத்திருந்தார்.

"ஒண்ணு போதுமா டீச்சர்?"

"போதும் சார்" என்றாள் வினோதினி.