சேர்மோய் விமானத்தின் வலது இருக்கை

சேர்மோய் ஊர் விமானச் சங்கத்தின் இரண்டு இருக்கை விமானம், உள்ளே ஒருவரும் இல்லாதபோதே, இருக்கவேண்டிய எடையைவிட எழுபத்தொரு கிலோ கூடுதலாக இருந்தது. 1950 மே மாதம் அதன் மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளில் ஏற்றி எடை போட்டார்கள். தராசுகளை இடம் மாற்றி மறுபடியும் போட்டார்கள். அவை சங்கத் தலைவர் வோத்ரேயின் பாலாடைக்கட்டிப் பட்டறையிலிருந்து வந்தவை. நாற்பது கிலோ கட்டியில் கால் கிலோ குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். தன் தராசையே பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எழுபத்தொரு கிலோ யாருடைய எடை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தச்சன் ஃபிர்மேனுடையது.

போர் முடிந்ததும், ஊருக்கு ஊர் இளைஞர்கள் பறக்கட்டும் என்று அரசாங்கம் பணம் கொடுத்தது. அலமாரி செய்துகொண்டிருந்த ஃபிர்மேன் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு விமானம் செய்தான். மரச்சட்டம், மெல்லிய ஒட்டுப்பலகை, மேலே துணி. துணியைத் தைத்தவள் அவன் மனைவி லெயோனி. சட்டத்தை ஒட்டுவதற்குப் பாலிலிருந்து எடுக்கும் பசைமாவு வேண்டும். வாங்குவானேன் என்று வோத்ரே தன் நிலவறையிலிருந்து ஒரு மூட்டையைக் கொடுத்தார். ஜெர்மானியர்கள் இருந்த காலம் முழுக்க அங்கேயே ஈரத்தில் கிடந்த மூட்டை அது.

"முதலாளி, இது கெட்டுப்போச்சு. மூக்கைக் கிட்ட கொண்டுபோக முடியல."

"பால்லேர்ந்து வர்ற எதுவும் பழசாக ஆகத்தான் நல்லா ஆகும், ஃபிர்மேன். நீ மரத்தைப் பாரு. பாலை நான் பாத்துக்கறேன்."

பாலாடைக்கட்டியைப் பதினெட்டு மாதம் நிலவறையில் முதிரவைத்து விற்கும் எங்கள் ஊரில் மட்டும்தான் இந்தப் பேச்சு எடுபடும். எடுபட்டது. நாங்களும் சிரித்தோம்.

1948 செப்டம்பரில், மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த புல்வெளிக்கு மேலே இடது இறக்கை கழன்று தனியாகப் போனது. ஃபிர்மேன் விழுந்து செத்தான். விசாரணை அறிக்கை இரண்டே வரி: ஓட்டியவரின் தவறு, வேறு காரணமில்லை. வோத்ரே பெரிய மலர்வளையம் வைத்தார். பிறகு மீண்டும் அரசாங்கப் பணத்தில் விமானத்தைச் செப்பனிட்டார்கள். இந்த முறை பசையைக் கடையில் வாங்கினார் வோத்ரே. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஃபிர்மேன் உட்கார்ந்திருந்த இருக்கை மட்டும் கீறல் இல்லாமல் கிடைத்தது. தூக்கிப்போட மனமில்லாமல், அதில் தான் உட்காரவும் மனமில்லாமல், அதை வலது பக்கம் பொருத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இந்த எடை. இருக்கையைக் கழற்றி எரித்தார்கள், எடை போகவில்லை. பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஈரம் காயும்வரை அரைக் கிலோ கூடியது. பயிற்சியாளரும் மாணவரும் ஏறினால் விமானம் மூன்று பேரைச் சுமந்து முக்கிக்கொண்டு எழும்பியது. அதையும் பொறுத்துக்கொண்டோம். விமானம் ஓட்டும் உரிமச்சீட்டு வாங்க ஒரு முறையாவது தனியாகப் பறந்து காட்டவேண்டும் என்பதுதான் சிக்கல். அதைத் தரும் அதிகாரி கஸ்தாங் நேர்மையான மனிதர், பிடிவாதக்காரர். "எடை இருக்கு, அப்ப ஆள் இருக்கு. ரெண்டு பேர் பறந்தா அது தனியாப் பறந்ததா?" என்று பேனாவை மூடிவிட்டார்.

பதினான்கு பேர் காத்துக்கிடந்தார்கள். வோத்ரேயின் மகன் ரெமி அதில் ஒருவன், லெயோனி இன்னொருத்தி. ஒரு மனிதன் செத்தபோது வராத ஆத்திரம் உரிமச்சீட்டு கிடைக்காதபோது வந்தது எங்களுக்கு. வெட்கம்கெட்டவர்கள் நாங்கள். சங்கக் கூட்டத்தில் லெயோனி எழுந்தாள்.

"அவர் மேல பழியைப் போட்டு எழுதியிருக்கீங்க. அதை மாத்துங்க. அதுவரைக்கும் அவர் எறங்க மாட்டார்."

வோத்ரே விசாரணைக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: அன்றைய காற்றின் தவறு. எடை போட்டார்கள், எழுபத்தொன்று. இன்னொன்று எழுதினார்: பசையின் தவறு. எழுபத்தொன்று.

"பசை தானா நடந்து வந்துச்சா, முதலாளி?" என்றாள் லெயோனி.

"எழுதித் தொலைங்கப்பா!" என்று கத்தினான் ரெமி. "ஊரே சிரிக்குது."

மூன்றாவது கடிதத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து, தராசுகளில் நின்ற விமானத்தின் இறக்கையின்மேல் தாளை வைத்து எழுதினார்: மூட்டை என்னுடையது. கெட்டுவிட்டது என்று ஃபிர்மேன் சொன்னான். நான் சிரித்தேன். கையெழுத்து முடிந்த கணம் தராசு முள்கள் மூன்றும் இறங்கின. வோத்ரேயின் நாற்காலி முறிந்தது. தூக்கித் தராசில் ஏற்றினார்கள். எண்பத்திரண்டு கிலோ மனிதர் நூற்று ஐம்பத்து மூன்று இருந்தார். உடம்பு ஓர் அங்குலமும் பெருக்கவில்லை.

முதலில் பறந்தவள் லெயோனி. இரண்டு சுற்று சுற்றிவிட்டு இறங்கினாள். முதல்முறை தனியாகப் பறந்தவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி ஒரு வாளி மோர்த்தெளிவை அவள் தலையில் கொட்டினோம். எப்படி இருந்தது என்று கஸ்தாங் கேட்டார்.

"பக்கத்துல யாரும் இல்ல," என்றாள். "இன்னிக்குத்தான் செத்தாரு."

அறிக்கையின் அந்த இரண்டு வரிகளும் அடிக்கப்பட்டன. வோத்ரேயை யாரும் கைது செய்யவில்லை. தலைவர் பதவியும் போகவில்லை. மாடிப்படிக்கு இரும்பு அடித்தார், கட்டிலுக்குக் கல் முட்டுக் கொடுத்தார், பத்தொன்பது வருஷம் அந்த எடையோடு நடந்தார். 1969 பிப்ரவரியில் இறந்தபோது, ஆறு பேர் தூக்க வேண்டிய பெட்டியைப் பத்துப் பேர் பிடித்தும் அசைக்க முடியவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து லெயோனி வந்தாள், மேலங்கியைக் கழற்றி வேலியில் போட்டாள், பெட்டிக்குத் தோள் கொடுத்தாள்.

ரெமி நன்றி சொல்ல வாயெடுத்தான்.

"உங்கப்பாவுக்காக இல்ல," என்றாள். "உள்ள பாதி எங்க வீட்டுக்காரர்."

பெட்டி எழும்பியது.