நேசகுமாரின் டீம்

கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கேசியா அப்பாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். பின்னால் சித்தப்பா சாம்ராஜின் குரல் கேட்டது.

"எத்தினி நாளைக்கு விசா குடுத்துக்கிறான்?"

"முப்பது நாள், சித்தப்பா."

"பெத்த நைனாவ அடக்கம் பண்றதுக்கு விசா." அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். கேசியா சீப்பிலிருந்த நரைமுடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

அவள் ஸ்டுட்கார்ட்டில் நர்ஸ். அம்மா இறந்த பிறகு அப்பா நேசகுமார் ஆந்திராவில், சித்தூர் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். போன மாதம் அவளுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டதை இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள்.

"அப்போ நம்ம ஊட்டுக்கு வர்றதுக்கே நீ விசா வாங்கணுமா?"

"ஆமா நைனா."

வெகுநேரம் அங்கே மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. "சரிம்மா, வெச்சிடறேன்" என்றார். புதன்கிழமை காலையில் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். நடுவில் அவர் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. விமானத்தில் வந்த நேரம் முழுக்க அந்த மின்விசிறிதான் காதில் சுழன்றது.

மிஷன் கோயிலில் ஆராதனை நடந்தது. போதகர் ஐயர், நேசகுமாருக்குப் பிடித்த பாட்டு என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கேசியாவுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தெரிந்த மெட்டு. ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கும் அதே மெட்டுதான். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள், கால்பந்து ஆட்டத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் வரிசையாக நிற்க, டிவியில் அது ஒலித்தது. "அடியே, நம்ம கோயில் பாட்டு!" என்று அப்பா துள்ளி எழுந்தார். அன்றிலிருந்து அதுதான் அவர் டீம். அவர்கள் உலகக் கோப்பையை ஜெயித்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்தார். அடுத்த உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறியபோது ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

போன மாதம் குடியுரிமை விழாவிலும் அதே மெட்டு. மண்டபத்தில் அத்தனை பேரும் பாடினார்கள். அவளுக்கு மட்டும் வாய் வரவில்லை. தனக்கு உரிமை இல்லாத ஒன்றைத் தொடுவதுபோல இருந்தது. இப்போது கோயிலிலும் உதடு பிரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். அப்பாவோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்த நாகபூஷணம் மட்டும் நின்றார். ஆட்டம் என்றால் இருவரும் சேர்ந்துதான் பார்ப்பார்கள்.

"ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணப்போ நான் அங்கதான் இருந்தேன்மா" என்றார்.

கேசியா நிமிர்ந்தாள். "கோபப்பட்டாரா மாமா?"

"இல்ல. அழுதான்."

அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் ஜெர்மனி டீம்ல ஆடற ஒரு பையனைப் பத்திப் பேச ஆரம்பிச்சான். உங்க ஸ்டுட்கார்ட்ல பொறந்தவன், அவன் நைனா நைஜீரியாக்காரரு. வளந்தது இங்கிலாந்துல. அவங்களும் வா வான்னாங்க. அவன் ஜெர்மனிக்குத்தான் ஆடுவேன்ட்டான். 'நாகா, நான் சர்வீஸ் பூரா வேலூர் பஸ்ல டிக்கெட் கிழிச்சேன். இந்தப் பக்கம் என்னை அரவோடு, தமிழன்னாங்க. அந்தப் பக்கம் போனா தெலுங்குக்காரன்னாங்க. நீ எந்தப் பக்கம்னு என்னை ஒருத்தனும் கேக்கல. என் பொண்ணு இதான் என் டீமுன்னு அவளே சொல்ட்டா பாரு'ன்னான். அத சொல்றப்போ அவன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்."

"அப்போ ஏன் மாமா எனக்குப் போன் பண்ணல?"

"நானும் கேட்டேன். 'எப்படியும் ஞாயித்துக்கிழமை அதுவே பண்ணும், அப்போ சொல்லிக்கறேன்'னான்."

நாளைதான் அந்த ஞாயிறு. கேசியா குனிந்து மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தியை மேட்டின் மேல் தள்ளினாள்.

"அந்த டீம்ல சில பசங்க பாட்டு போட்டா வாயே திறக்க மாட்டாங்களாம் மாமா" என்றாள். "அவங்க நைனா பொறந்த தேசம் வேற, அதனாலன்னு அங்க நெறைய பேர் திட்டுவாங்க."

"தெலுசம்மா. உங்க நைனாவுக்கும் தெரியும். ஒருநாள் டிவியில ஒருத்தன் பாடாம நிக்கறதப் பாத்து நானே திட்டினேன்." நாகபூஷணம் சிரித்தார். "என்மேல எகிறிட்டான். 'பாடாட்டி இன்னாடா? பந்து போச்சுன்னா மொதல்ல திரும்பி ஓடறவன் எவன்னு பாரு'ன்னான். பாத்தேன். அவனேதான்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அவள் தோளைத் தொடாமல், கொஞ்சம் தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்.

வீட்டில் பந்தி முடிந்திருந்தது. துக்க வீட்டில் சமைப்பதில்லை என்று கோயில் அண்டாவில் சாம்பார் சாதம் வந்திருந்தது. ஆண்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கழுவிய அண்டாவைக் கோயிலில் திருப்பிக் கொடுக்கச் சித்தப்பா ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. சுற்றிலும் பார்த்தார்.

"கேசியா, இந்தாண்ட ஒரு கை புடி" என்றார்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு மறுபக்கத்து வளையத்தைப் பிடித்தாள். இருவரும் தெருவில் இறங்கினார்கள். சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. அவர் பக்கம் அண்டா தாழ்ந்தது. அவளும் தன் பக்கத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அவர் நடைக்கு மெதுவாக நடந்தாள்.