சுருளின் நடு வீடு

எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீடு நீலமானால் நம் வீடும் நீலமாகும். அப்போது எல்லோரும் விழித்திருக்க வேண்டும். பிறகு வீடு சிவக்கும். அடுத்த நீலம் வரும்வரை தூங்கலாம்.

வேதியியல் துறைக் கணினியில் இதை ஓட்டுவது என் வேலை. திரையில் ஒரு புள்ளி, வெளியே ஒரு வீடு. நீலம் அலையாகக் கிளம்பி மதிலில் முடியும். போன மாதம் அலை நடுவில் அறுந்துவிட்டது. அறுந்த முனை சுருண்டு சுற்ற ஆரம்பித்தது. சுருளின் நடுவில் இருப்பது என் வீடு.

நடு வீட்டுக்குச் சிவக்க நேரமில்லை. என் மனைவி வேதவல்லி தூங்குவதே கிடையாது. கூடத்தையும் சமையலறையையும் வலமாகச் சுற்றி வருகிறாள். அடுப்பைக் கடக்கும்போது தோசை ஊற்றுவாள். அடுத்த சுற்றில் திருப்பிப் போடுவாள்.

“நீங்க ஆபீஸ்ல தூங்கிட்டு வர்றது மூஞ்சியிலயே தெரியுது” என்றாள்.

துறைத்தலைவர் இருதயராஜிடம் போய்ச் சுருளை அழிக்க வேண்டும் என்றேன். அழிக்க முடியாது, எதிர்ப்பக்கம் சுற்றும் இன்னொரு சுருள் வந்து மோதினால் இரண்டும் அடங்கிவிடும் என்றார். அவர் மேசையை இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அறுந்த அலைக்கு ரெண்டு முனைய்யா. இன்னொண்ணு சுத்துறது என் வீட்டுல” என்றார்.

அவரை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவர் சுற்றிச் சுற்றி நடந்ததால் தாழ்வாரம் அகலமாகி வழிவிட்டது. கையில் தலையணை வைத்திருந்தார்.

“உட்காருங்க சார், காபி போடுறேன்” என்றாள் வேதவல்லி, கடந்து போனபடி.

“உட்கார முடிஞ்சா நான் ஏம்மா இங்க வர்றேன்?”

அடுத்த சுற்றில் இருவரும் மோதிக்கொண்டார்கள். பிறகு இருவரும் இல்லை. தலையணை தரையில் கிடந்தது. வீடு சிவந்தது.

அன்று குடியிருப்பே ஒழுங்காகத் தூங்கியது. கல்லில் தோசை ஒரு பக்கம் மட்டும் வெந்திருந்தது. தலையணையில் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

கோடி வீட்டிலிருந்து நீலம் நேராக வந்துகொண்டிருந்தது. அலை கடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி. திறந்து, அதன் குறுக்கே கையை நீட்டினேன். அறுந்தது. ஒரு முனை துறைத்தலைவர் வீட்டுப் பக்கம் போனது. இன்னொன்று என்னைத் தாண்டி உள்ளே சுருண்டது.

சமையலறையில் தோசைத் திருப்பியின் சத்தம் கேட்டது.

“இப்பதான் கண்ணு சொக்குச்சு” என்றாள் வேதவல்லி. “எதுக்குங்க எழுப்புனீங்க?”