பின்னால் வராத கேமரா

டீகனை எங்கள் இயக்குநர் இமோஜென் முதலில் பார்த்தது ஒரு பஸ் நிறுத்தத்தில். டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பப் பார்க்க, அந்தப் பெண் கண்ணாடியைத் தட்டித் தட்டி அவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தாளாம். பதினாறு வயது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சித்தி வீட்டில் இருந்தாள். நடிப்பு அனுபவம் என்று பார்த்தால், பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆடாக நின்றதுதான்.

அவளை வைத்து இமோஜென் எடுத்த படத்துக்கு நான் ஒலிப்பதிவு செய்தேன். ஆற்றுக்கு அக்கரையில் ஹல் என் ஊர். அதனால் டீகன் பேசுவது எனக்கு முழுதாகப் புரியும். லண்டன்காரியான இமோஜெனுக்குப் பாதி புரியும், மீதிக்குச் சிரித்து வைப்பாள்.

படத்தின் கதை சின்னது. அம்மா இன்னொருவனோடு போய்விடுகிறாள். மகள் அவளைத் தேடிப் போய்க் கூப்பிடுகிறாள். அம்மா வர மறுக்கிறாள். டீகனின் அம்மாவும் அப்படித்தான் யாரோ ஒருவனோடு ஸ்கெக்னஸ் என்ற கடற்கரை ஊரில் இருக்கிறாள் என்பது, அவளைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

இமோஜெனுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. படத்தில் இசையே கிடையாது. விளக்கு கட்டுவது கிடையாது. இருபது வருஷமாக வீடு வீடாகப் போய், இரைச்சல் விழாமலிருக்க ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவு செய்தவள் நான். இங்கேயும் சுவிட்சில் கை வைத்தேன்.

"இருக்கட்டும் பாலீன். அவங்க வீட்ல அது ஓடிட்டுத்தான இருக்கும்?" என்றாள் இமோஜென்.

"அப்ப பக்கத்து வீட்டு நாய்?"

"அதுவும்தான். அது தனியா சம்பளம் கேக்காத வரைக்கும் சரி."

கேமரா எப்போதும் ஒளிப்பதிவாளர் க்ளின்னின் தோளில். பெரிய ஆகிருதி, வேல்ஸ்காரர். டீகன் எங்கே போனாலும் அவளுடைய பிடரிக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் அவரும் போவார். மாடிப்படி, சந்து, கடை, கடற்கரை எல்லாம் அப்படித்தான். டீகன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் சடாரென்று திரும்பினாள்.

"யோவ் க்ளின், என் முதுகுல என்னய்யா இருக்கு? காலையில ஒரு மணிநேரம் ஒக்காந்து மஸ்காரா போட்டுட்டு வரேன், நீ என்னடான்னா என் கொண்டைய படம் புடிக்கிற!"

"மேலிடத்து உத்தரவும்மா," என்று க்ளின் இமோஜெனைக் காட்டினார்.

இமோஜென் பொறுமையாகச் சொன்னாள்: "பாக்குறவங்க உன்கூடவே நடக்கணும் டீகன். நீ பாக்குறத அவங்களும் பாக்கணும்."

"கூட நடக்கணும்னா பக்கத்துல வரச் சொல்லுங்க. எதுக்குப் பின்னாடி? போலீஸா?"

எல்லோரும் சிரித்தோம். இமோஜெனும்தான். ஆனால் கேமரா பின்னாலேயேதான் போனது.

அம்மா மறுத்துவிட்டபின் மகள் வெளியேறும் காட்சியை, கடலைப் பார்த்த ஒரு பழைய குடியிருப்பில் எடுத்தோம். டீகன் படியிறங்கி வந்து, மேலே பார்த்து, "நீ எனக்கு அம்மாவே இல்ல!" என்று கத்த வேண்டும். கத்தினாள். ஜன்னல்கள் திறந்தன, யாரோ ஒரு கிழவர் போலீசைக் கூப்பிடுவேன் என்றுகூட மிரட்டினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இமோஜென் உதட்டைக் கடித்துக்கொண்டே நின்றாள். "என்னமோ குறையுது," என்றாள். என்ன குறைகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள்.

டீகனின் சட்டைக்குள் ஒட்டியிருந்த குட்டி மைக் அப்படியே இருந்தது. கேமரா நின்றாலும் ஒலிப்பதிவு நிற்கக்கூடாது, நல்லதெல்லாம் 'கட்' சொன்ன பிறகுதான் வரும் என்பது இமோஜெனின் இன்னொரு பிடிவாதம். என் காதில் ஹெட்ஃபோன் இருந்தது, இமோஜென் காதிலும் ஒன்று. அப்போதுதான் டீகனின் ஃபோன் அடித்தது.

"ம், சொல்லும்மா... ஐய, அதுக்கு ஏன் இவ்ளோ யோசிக்கிற? வராட்டி பரவால்ல. என் பொறந்தநாள்தான, வருஷா வருஷம் வருது. எனக்கும் அன்னிக்கி ஷூட்டிங் இருக்கு, ஞாயித்துக்கெழமைகூட விடமாட்டேங்குறாங்க இந்தப் பாவிங்க. நீ வந்திருந்தாலும் சும்மாதான் ஒக்காந்திருக்கணும்... இல்லம்மா, கோவமே இல்ல. சத்தியமா. நீ அழாத. மாத்திரை போட்டியா? சரி, போய்ப் படு."

பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். நான் ஒலியைக் குறைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை.

நிமிர்ந்து பார்த்தால் இமோஜெனின் கன்னமெல்லாம் ஈரம். என் கையைப் பிடித்துச் சாப்பாட்டு வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"பாலீன், இதுதான். இதத்தான் நான் தேடிட்டிருந்தேன். கத்தக்கூடாது. அம்மாவ அவ சமாதானப்படுத்தணும்."

"அத வசனமா எழுதிக் குடு, பேசட்டும்."

"எழுதினா இது வருமா? நம்மகிட்ட பின்னாலேர்ந்து எடுத்தது எவ்வளவு இருக்கு! வாய் தெரியாது. இந்தக் குரல அப்படியே அது மேல வைக்கலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அவள் சொன்னது சரிதான். முதுகுக்கு எந்தக் குரலையும் பொருத்தலாம்.

"அவளுக்குத் தெரியுமே."

"கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல..." என்று ஆரம்பித்தவள் தானே நிறுத்திக்கொண்டாள். "சரி, அத விடு. ஆனா இது உண்மை பாலீன்."

"உண்மைதான். உன்னோடது இல்லையே."

இமோஜெனைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது இருந்திருந்தால் எடிட்டிங்கில் சத்தமில்லாமல் சேர்த்திருப்பார்கள். அவள் கையிலிருந்த டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நானே கேக்குறேன். நீயும் வா," என்றாள்.

டீகன் கடற்சுவரில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். கடற்பறவைகளுக்கும் ஒன்றிரண்டு எறிந்தாள். இமோஜென் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நான் ஹெட்ஃபோனை நீட்டினேன்.

"என் குரல் இப்பிடியா இருக்கு? மூக்கடைச்ச வாத்து மாதிரி," என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. எண்ணெய் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"யார் யார் கேட்டீங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான் கண்ணு," என்றேன்.

"ஒட்டுக் கேக்குறதுக்கு மிஷின் வேற." ஹெட்ஃபோனைக் கழற்றி என் மடியில் போட்டாள். அவளுக்குக் கோபம்தான், ஆனால் குரல் எழும்பவில்லை. "எங்கம்மா என் பொறந்தநாளுக்கு வரமாட்டா. படத்துக்கு வருவா. மொத ஆளா வந்து ஒக்காருவா. இதக் கேட்டா, எப்பத் தன்கிட்ட பேசுனதுன்னு அவளுக்கு ஞாபகம் வந்துடும். ஊரே சேர்ந்து கேக்குதேன்னு நெனப்பா. எல்லாத்தையும் விட, ஞாயித்துக்கெழமை ஷூட்டிங்கே இல்லன்னு யாராச்சும் சொல்லித் தொலைச்சீங்கன்னா?"

இமோஜென் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுடு டீகன். அழிச்சிடலாம்," என்றாள். டீகன் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பகுதியை நான் அங்கேயே அழித்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் காட்சிக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல," என்றாள் இமோஜென். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அம்மாகூட சண்ட போட்டா நான் கத்த மாட்டேன். எங்கயாச்சும் போயிடுவேன். அப்ப யாரும் பின்னாடி வரக்கூடாது. க்ளின்ன இங்கயே நிக்கச் சொல்லுங்க. நான் போறேன்."

"எவ்வளவு தூரம்?"

"போற தூரம்."

இமோஜென் என்னைப் பார்த்தாள். மைக்கிலிருந்து என் பெட்டிக்கு வரும் ரேடியோ அலை அவ்வளவு தூரம் எட்டாது. தீப்பெட்டிபோல ஒரு சின்ன ரெக்கார்டர் என்னிடம் இருந்தது. அதை டீகனின் மேல்கோட்டுப் பையில் வைத்து மைக்கை இணைத்தேன்.

"இத நான் நிறுத்திக்கலாமா?"

"ஒன் பையில இருக்கு. ஒன் இஷ்டம்," என்று பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன்.

கடல் உள்வாங்கியிருந்த நேரம். கண்ணுக்கெட்டிய வரை ஈர மணல். டீகன் படியிறங்கி வந்தாள், மேலே பார்க்கவில்லை, நடந்தாள். க்ளின் படியருகிலேயே அசையாமல் நின்றார். பழக்க தோஷத்தில் அவருடைய வலது கால் ஒருமுறை முன்னே வந்தது, இமோஜென் தோளைப் பிடித்து நிறுத்தினாள். பெண் சிறிதாகிக்கொண்டே போனாள். விரல் அளவு, நகக்கண் அளவு, பிறகு மணலில் ஒரு புள்ளி. ஃபிலிம் தீரும் வரை எடுத்தோம்.

திரும்பி வந்ததும் ரெக்கார்டரை என்னிடம் கொடுத்துவிட்டு, "குளுருது, டீ இருக்கா?" என்று போய்விட்டாள்.

நானும் இமோஜெனும் பதிவைக் கேட்டோம். ஈரத்தில் செருப்பு ஒட்டிப் பிரியும் சத்தம். கோட்டின் ஜிப். காற்று. மூச்சு, காதுக்குள்ளேயே யாரோ நிற்பதுபோல அவ்வளவு கிட்டத்தில். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். அப்புறம் மூச்சு தடுமாற ஆரம்பித்தது. அது உடைந்து அழுகையாகப்போகிறது என்று தெரிந்த நொடியில் 'டக்'. ஒன்றுமில்லை. நிறுத்திவிட்டிருந்தாள்.

"அலை சத்தம் போட்டு நிரப்பிக்கலாம்," என்றேன், தொழில் புத்தியில்.

"வேண்டாம். அவ எங்க நிறுத்தினாளோ அங்கதான் நிக்கணும்," என்றாள் இமோஜென்.

படத்தில் அப்படியேதான் இருக்கிறது. புள்ளி போய்க்கொண்டே இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது.

அடுத்த வருஷம் கிரிம்ஸ்பியில் ஒரு சமூகக் கூடத்தில் திரையிட்டோம். டீகன் சொன்னதுபோலவே அவளுடைய அம்மா முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் டோனா. மகளைவிட ஒல்லி, புதிதாக முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சி வந்து சத்தம் நின்றதும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "டேய், ஸ்பீக்கர் போச்சுடா!" என்று கத்தினார். இன்னொருவர் சீட்டி அடித்தார். இமோஜெனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

டீகன் எழுந்து திரும்பி, "ஸ்பீக்கர் ஒண்ணும் போவல. நான்தான் ஆஃப் பண்ணேன். ஒக்காருங்க எல்லாரும்!" என்றாள்.

உட்கார்ந்தார்கள். கூடம் அமைதியானது. அந்த அமைதியில் டோனா மகளின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டது முன்வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது.

"ஏன்டி, அவ்ளோ தூரம் போய் என்னடி பண்ண?"

"மூக்கு சிந்துனேன்."

டோனா கைப்பையைத் திறந்து துழாவி, கசங்கிய ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து மகளின் கையில் வைத்தாள். டீகன் அதை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் கையை விடவில்லை.